அருகில் வீழ்ந்த இடி

பங்குனி சித்திரை மாதங்களிலும் ஐப்பசி கார்த்திகை மாதங்களிலும் பிற்பகல்தோறும் மேகங்கள் கறுத்துத் திரண்டு மின்னி இடித்தலை இவ்விலங்கைத் தீவிலே நாம் ஆண்டுதோறுங் காண்கின்றோம். தூரத்திலே முழங்கும் இடி கேட்பார்க்கு ஓர் ஓசை மாத்திரமே. மழை வருமென்று வயலுடையார் மகிழ்வர். குழந்தைகள் தாயர் மடியிற் புகுவர். முதியோர் சிலர் அருச்சுனன் பெயரைச் சொல்லுவர். அவ்விடி அருகிலே வீழ்ந்தபோதோ எல்லாம் வேறாய்விடும். வளவில் நின்ற பனை தலையெரிய, அதன்கீழ்க் கட்டிநின்ற மாடு மடிய, சிறிது அப்பால் நின்ற ஒருவன் உயிரோடு எழுந்து தன் கைகால்களைத் தானே தடவிப் பார்க்கின்றான். அப்பொழுது அவனுள்ளத்தில் எழும் வினாக்கள் இரண்டு. யான் ஏன் பிழைத்தேன் என்பது ஒன்று. வீழ்ந்தவர் உளராயின், அவர் ஏன் வீழ்ந்தார் என்பது மற்றொன்று.

இவற்றுள் இரண்டாம் வினாவுக்கு ஊரவர் விரைந்து விடைசொல்லிவிடுவர். "அவன் பாவி, ஆதலால் அவன்மேல் இடி விழுந்தது" என்பதே அவ்விடை. சொல்லியபின் அவர்கள் தத்தம் வீடு செல்வர். இறந்தவனுடைய மனைவியும் மக்களுமோ அச்சொல்லைத் தம் வாழ்நாள் முழுவதுஞ் சுமப்பர். இவ்விடை சைவசமய உண்மைக்கு ஒக்குமோ ஒவ்வாதோ என்பதையும், இடியை அணித்தே கண்டு பிழைத்தவன் செய்யக்கடவது யாது என்பதையும் இங்கே சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இடியாவது யாதென அறிதல் வேண்டும். மேகத்தினுள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் காற்றால் அலைப்புண்டு ஒன்றோடொன்று மோதுதலால் மின் இருகூறாய்ப் பிரிந்து நிற்கும். அப்பிரிவு மிகுந்தவிடத்து, மேகத்துக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு வழி திறந்து மின் பாயும். அவ்வழியின் பருமை ஏறக்குறைய விரலளவே. ஆயினும் அதனூடு ஓடும் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 அம்பியர் வரை செல்லும். நம் வீட்டு விளக்கொன்று எரிதற்கு ஓர் அம்பியரும் வேண்டா. அவ்வழியிலுள்ள காற்று ஒரு கணத்திலே ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசு வெப்பமடையும். அது சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பத்தினும் ஐந்து மடங்காம். அங்ஙனம் வெம்மையுற்ற காற்று வெடித்து விரிதலே இடியோசை. ஒளி உடனே கண்ணை அடையும். ஓசையோ ஒரு கிலோமீற்றர் கடத்தற்கு ஏறக்குறைய மூன்று செக்கன் கொள்ளும். ஆதலால் மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணி இடியின் தூரத்தை அறியலாம்.

அருகில் வீழ்ந்த இடிக்கு எண்ணுதற்கு அவகாசமில்லை. ஒளியும் ஓசையும் ஒன்றாய் வரும். அது உருண்டு முழங்கும் ஓசையன்று. பெருந்துணியொன்றை ஒரே இழுப்பிற் கிழித்தாற்போலவும், பீரங்கி செவிக்கருகே வெடித்தாற்போலவும் ஒரே வெடிப்பாம். சிலபோது அதற்கு முன்னே உடம்பின் மயிர் சிலிர்த்தெழும். அயலிலுள்ள உலோகப் பொருள்கள் சீறுதல்போல மெல்லிய ஒலி செய்யும். பின்னர்க் கண்களில் வெண்மையன்றி வேறில்லை. செவிகளில் இரைச்சலன்றி வேறில்லை. காற்றிலே காரமானதொரு மணம். நிலத்தின் வழியே பரந்த மின் பட்டமையாற் கால்கள் மரத்துப்போதலும் உண்டு. அந்நேரத்திலே "யான்" என்றும் "எனது" என்றும் இதுகாறும் இடையறாது எண்ணிக்கொண்டிருந்த மனம் எங்கே போயிற்றென்று தெரியாது. என் வீடு, என் காணி, என் வழக்கு, என் பகைவன் என்பனவெல்லாம் அவ்வொரு கணத்தில் இல்லையாய்விடும். நூல்களைப் பலகாற் படித்தும் அறியாத நிலையாமையை இடியானது ஒரு செக்கனிலே படிப்பித்துவிடுகின்றது. ஆயினும் அப்பாடம் எத்தனை நாள் நிலைக்கும் என்பதே கேள்வி.

இனி, இடியுண்டு இறந்தவன் பாவியோ என்னும் வினாவை எடுத்துக்கொள்வாம். நம்மூர்களில் நிகழும் இத்தகைய மரணங்கள் பெரும்பாலும் எழுதிவைக்கப்படுவனவல்ல. வாய்ச்சொல்லாய்த் திரிந்து சில ஆண்டுகளில் உருமாறிவிடுவன. ஆதலால், கண்டவர்களாலும் கற்றவர்களாலும் உடனுக்குடன் எழுதிவைக்கப்பட்டமையால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சரித்திரத்தை அயல்தேசத்தினின்று எடுத்துக் காட்டுவாம்.

இருஷியா தேசத்துச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே, வித்தியா சபையிலே பேராசிரியராய் விளங்கியவர் றிச்மன் என்பவர். மேகத்து மின்னலும் கண்ணாடியைத் தேய்த்துண்டாக்கும் மின்னும் ஒன்றே என்பது 1752ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் நிகழ்ந்த சோதனையாற் பெறப்பட்டது. அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளின் என்பவரே அச்சோதனைக்கு வழிசொன்னவர். அதனைக் கேள்வியுற்ற றிச்மன், மேகத்து மின்னை அளந்தறிய வேண்டுமென்னும் விருப்பினால், தம் வீட்டுக் கூரையின்மேல் ஓர் இருப்புக்கோலை நாட்டி, அதனின்று கம்பியொன்றை வீட்டினுள்ளே கொணர்ந்து, அதன் முனையில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அந்நூல் விலகி நிற்கும் அளவைக்கொண்டு மின்னின் அளவைக் கணித்துவந்தார். அதே நகரில் அதே ஆராய்ச்சியைத் தம் வீட்டிலே செய்துவந்தவர் அவருடைய நண்பராகிய லொமனோசோவ் என்னும் பேரறிஞர்.

1753ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆந் திகதி நண்பகலிலே மேகம் எழுந்து முழங்கக் கேட்ட றிச்மன், சபையினின்றும் விரைந்து வீடு சேர்ந்தார். காணுவதைச் சித்திரமாய் வரைதற்பொருட்டுச் சபையின் சித்திரவேலைக்காரராகிய சொக்கலோவ் என்பவரையும் உடனழைத்துச் சென்றார். கருவிக்கு ஓரடி தூரத்திலே றிச்மன் தலையைச் சாய்த்து நூலை நோக்கி நின்றார். பக்கத்திலே சொக்கலோவ் நின்றார். அவ்வளவில் கருவியினின்றும் கைமுட்டியளவினதாய் வெண்ணீலமான ஓர் அழற்பிழம்பு கிளம்பி றிச்மனுடைய நெற்றியிற் பாய்ந்தது. வெடியோசை எழுந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லாமற் பின்னே சாய்ந்து உயிர்நீத்தார். நெற்றியிலே ஒரு செந்நிறப் புள்ளி. ஒரு பாதரட்சை கிழிந்திருந்தது. கதவின் நிலை பிளந்து, கதவு பெயர்ந்து வீழ்ந்தது. சொக்கலோவ் நிலத்தில் வீழ்ந்து மயங்கினார்; கம்பியின் வெந்த துண்டுகள் பட்டு அவருடைய ஆடையில் வடுக்கள் உண்டாயின; ஆயினும் எழுந்தார்; பிழைத்தார்.

அதே வேளையில் லொமனோசோவ் தம் வீட்டிலே தம் கம்பியினருகே நின்று அதிலெழும் பொறிகளைக் கையாற் றொட்டுக்கொண்டிருந்தார். உணவு ஆறுகின்றதென்று மனைவியார் அழைத்தமையாலும், மின்னின் வேகம் தணிந்தமையாலும் அவ்விடம்விட்டுச் சென்று உண்ண அமர்ந்தார். சில நிமிடத்துள் றிச்மனுடைய ஏவலாளன் அழுதுகொண்டு வந்து செய்தி சொன்னான். லொமனோசோவ் ஓடிச்சென்று, சூடு நீங்காத அவ்வுடம்புக்கு உயிர்வருவிக்கப் பிறரோடு கூடி முயன்றார், பயன்படவில்லை.

அன்பர்களே! இம்மூவரையும் நோக்குக. நகரம் ஒன்று, மேகம் ஒன்று, ஆராய்ச்சி ஒன்று. ஒருவர் இறந்தார், ஒருவர் அவருக்கு அருகிலே நின்றும் பிழைத்தார், ஒருவர் உணவுண்ண எழுந்தமையாற் பிழைத்தார். இறந்தவர் ஏனையிருவரினும் பாவியென்று சொல்லத்தக்க அடையாளம் யாதேனும் உண்டோ? அவர் களவு செய்யும்போதோ பொய்ச்சான்று கூறும்போதோ இறந்தவரல்லர். உலகத்துக்குப் பயன்படும் அறிவைத் தேடும்போது இறந்தவர். அக்காலத்து ஐரோப்பிய தேசங்களிலே, இடிமுழங்கும்போது கோயில் மணியை அடித்தால் இடி விலகுமென்று நம்பி, மக்களைக் காக்கும் எண்ணத்தோடு உயர்ந்த மணிக்கூண்டில் ஏறி மணியடித்து, அம்மணிக்கயிற்றைப் பிடித்தபடியே இடியுண்டு மாண்டவர்களும் பலர். தொழுகைக்குரிய செயலைச் செய்துகொண்டு நின்றவரையும் இடி விலக்கவில்லை. மின் சடப்பொருள். அது புண்ணியத்தையும் பாவத்தையும் அறியாது. உயர்ந்து நிற்பதையும் நிலஞ்செல்லும் வழியையுமே நாடும்.

அற்றேல், வினை என்பது இல்லையோ எனின், உண்டென்க. இன்பதுன்பங்கள் உயிரை வந்தடைதல் முன்செய்த வினையினாலென்பதும், அவ்வினையைக் கூட்டுவிப்பவன் இறைவனென்பதும் சைவசித்தாந்தத்தின் துணிபு. இடியாலும் மழையாலும் வெயிலாலும் பனியாலும் வருந் துன்பத்தை ஆதிதைவிகம் என்று நம் ஆன்றோர் வகுத்தும் வைத்தனர். ஆயினும் இங்கே ஒன்று நுணுகி அறியற்பாலது. பிராரத்தமாவது இப்பிறப்பொன்றின் செயல்மாத்திரமன்று. எண்ணிறந்த பிறப்புக்களில் ஈட்டிய சஞ்சிதத்தினின்று இவ்வுடம்புக்கென எடுக்கப்பட்ட பகுதி. எவ்வினை எந்நிகழ்ச்சியாய் விளைந்ததென்பதை அறிபவன் முற்றறிவுடைய இறைவனொருவனே. வீதியில் நிற்கும் நாம் அதனை அறிந்தோமெனல், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாராதவன் பிறனுடைய கடனைச் சொல்லுதல்போலும். அன்றியும், மரணம் எல்லா உடம்புக்கும் உண்டு. படுக்கையிற் கிடந்து பல மாதம் நொந்து இறத்தல் புண்ணியமென்றும், ஒரு கணத்தில் நோவறியாது இறத்தல் பாவமென்றும் வகுத்தவர் யார்?

இன்னும், நம் நாயன்மார் சரித்திரத்தை நோக்குக. திருக்கோவலூரிலிருந்து அரசாண்ட மெய்ப்பொருணாயனார் திருவேடத்தை மெய்ப்பொருளெனக் கொண்டு வழிபட்டவர். அவ்வேடத்தையே பூண்டு வந்த முத்தநாதன் என்னும் பகைவனால் வாளாற் குத்துண்டு வீழ்ந்தார். வீழ்ந்தமையால் அவரைப் பாவியென்பார் உளரோ? குத்தியவனுக்குத் தீங்கு நேராமல் ஊரெல்லைவரை கொண்டுபோய் விடும்படி தத்தனுக்குக் கட்டளையிட்ட அந்நாயனாரைச் சிவபெருமான் ஆட்கொண்டருளினார். அப்பமூர்த்திகள் நீற்றறையினின்றும் பிழைத்தார். மெய்ப்பொருணாயனார் வாளுக்குப் பிழைக்கவில்லை. இருவரும் அடியாரே. ஆகவே, உடம்பு பிழைத்தலும் பிழையாமையுங் கொண்டு ஒருவனுடைய தகுதியை அளத்தல் சைவர்க்கு அடாது.

அஃதொக்கும்; இடியும் மின்னும் அடியார்க்கு நல்லனவே என்னுங் கருத்தைத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கோளறு திருப்பதிகத்தில் அருளினாரன்றோ எனின், அருளினார். அது எங்கே எப்போது அருளப்பட்டது? மங்கையர்க்கரசியார் அழைப்பினால் மதுரைக்கு எழுந்தருளத் துணிந்தபோது, கோள்நிலை நன்றன்றென்று அப்பமூர்த்திகள் தடுக்க, திருமறைக்காட்டிலே அருளப்பட்டது. கடமை முன்னே நிற்க, அச்சத்தாற் பின்வாங்கல் தகாதென்பது அதன் பயன். அடியார் நின்ற மரத்தில் இடி வீழாதென்பது அதற்குப் பொருளன்று. இடியால் வருவதும் அடியாருடைய உயிருக்கு ஊதியமாய் முடியுமென்பதே பொருள். அதனை வைத்துப் பிறரைப் பழித்தல் அப்பதிகத்துக்கு நாஞ்செய்யும் குற்றமாம்.

இனி, ஒருவன் அருகில் வீழ்ந்தபோது நமக்கு முன்னே நிற்பது அவனுடைய பழவினையன்று, நம்முடைய புதுவினையே. அவன் வினை அவனோடு. வீழ்ந்தவன் பக்கத்திலே நின்று நாம் அப்பொழுது நினைப்பதும் சொல்வதும் செய்வதும் ஆகாமியமாய் நம்மையே சேரும். "பாவி" என்று சொல்லி நிற்பவன் ஒரு வினையை ஈட்டுகின்றான். ஓடிச்சென்று தூக்குகின்றவன் வேறொரு வினையை ஈட்டுகின்றான். லொமனோசோவ் செய்தது யாது? நண்பர் ஏன் இறந்தார் என்று குற்றம் ஆராய்ந்தாரல்லர். அன்றைத்தினமே சுவாலோவ் என்னும் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, இறந்தவர் தம் தொழிற்கடனைச் செய்கையில் மேன்மையான மரணம் அடைந்தாரென்பதையும், அவருடைய மனைவியும் சிறு பிள்ளைகளும் ஆதரவற்று நிற்றலையும் எடுத்துரைத்து, அவர்களுக்கு உதவி வேண்டினார். இம்மரணத்தைக் காட்டி இவ்வாராய்ச்சியையே பழித்தல் கூடாதென்றும் வேண்டினார். சைவர்க்குரிய சீவகாருணியம் இதனின் வேறோ?

அப்பேராசிரியர் இறந்தமைக்குக் காரணம் பிற்காலத்தார்க்கு நன்கு விளங்கிற்று. அவர் நாட்டிய கோல் மேகத்து மின்னை வாங்கிக்கொண்டது. ஆனால், அளத்தற்பொருட்டு அது நிலத்தோடு தொடுக்கப்படாமல் தனித்து நிறுத்தப்பட்டிருந்தது. வந்த மின் போதற்கு வழியின்றி, அணித்தே நின்ற மனிதனுடம்பையே வழியாகக் கொண்டது. அதே கோலைத் தடித்த கம்பியினால் ஈரநிலத்தோடு தொடுத்தால், அதுவே இடிதாங்கி என்னும் பெயரோடு வீட்டைக் காக்கும். உண்மையில் அது இடியைத் தாங்குவதன்று. தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் நிலத்துக்கு ஒப்புவிப்பது. நம்முடைய நிலையும் இத்தகையதே. புகழ் வந்தபோதும் பழி வந்தபோதும் "யான் செய்தேன், எனக்கு வந்தது" என்று பற்றிநிற்கும் உயிர் நிலந்தொடாத கோல்போலத் தானும் வெந்து அயலாரையும் வேவிக்கும். "எல்லாம் அவன் செயல்" என்று திருவருளுக்கு ஒப்புவித்து நிற்கும் உயிர் எத்துணைப் பெரிய தாக்கு வந்தவிடத்தும் தானும் கெடாது; தன்னை அடுத்தாரையும் காக்கும்.

அவன் செயலென்று சொல்லி வாளாவிருத்தல் ஒப்புவித்தலாமோ எனின், ஆகாது. இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்தாமை அவன் கொடையை இகழ்தலாம். ஆதலின், நாம் அறிந்து செய்யற்பாலன சில கூறுவாம்.

இடியுண்டவனைத் தொட்டால் தொட்டவனையும் மின் தாக்குமென்று அஞ்சிப் பலர் விலகிநிற்பர். அது பொய்யச்சம். அவனுடம்பிலே மின் தங்கியிருப்பதில்லை, உடனே தொடலாம். இடியினால் இருதயம் ஒருகணம் நின்று தானே மீண்டும் இயங்குதலுண்டு; ஆனால் மூச்சு மீளாமல் நிற்க, அதனால் இருதயம் மறுபடியும் நின்றுபோம். அந்நேரத்தில் வாயோடு வாய்வைத்து மூச்சு ஊதியும், மார்பின் நடுவை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தியும் உதவி வரும்வரை முயன்றால், இறந்தான் எனக் கிடந்தவனே எழுதல் கூடும். பலர் ஒருங்கு வீழ்ந்தவிடத்து, முனகுவோரை விட்டு, மூச்சற்றுக் கிடப்போரையே முதலிற் கவனிக்க வேண்டும் என்பது வைத்தியர் துணிபு. அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி இடியுண்டவர்களிற் பத்துப்பேரில் ஏறக்குறைய ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். பாவியென்று சொல்லி விலகிநின்ற அச்சில நிமிடங்களே ஓருயிருக்கு எல்லையாய் முடியலாமன்றோ?

இடிமுழக்கங் கேட்டவுடனே வயலையும் வெளியையும் நீர்நிலையையும் விட்டு வீட்டினுட் புகுதல் வேண்டும். இறுதி முழக்கத்தின்பின் 30 நிமிடம் கழியுமளவும் வெளிச்செல்லலாகாது. நாற்புறமுந் திறந்த மடமும் கொட்டிலும் காவலாகா. தனிமரத்தின்கீழ் ஒதுங்குதல் பெருங்கேடு. திருவையாற்றிலே ஆடல்மகளிரின் முழவோசையை மழைமுழக்கமென்று மயங்கிய மந்திகள் மரமேறி முகில்பார்த்த செய்தியைத் திருஞானசம்பந்தர் பாடியருளினார். மந்திக்கு அது அழகு, மனிதனுக்கு ஆகாது.

ஆலய பரிபாலகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கோபுரத்துச் செப்புக்கலசமே இடிதாங்கியென்று சொல்வாருளர். கலசம் உயர்ந்து நின்று மின்னை ஏற்கக்கூடும். நிலத்தோடு தடித்த கம்பியினாற் றொடுக்கப்படாதவழி, அது றிச்மன் நாட்டிய கோலையே ஒக்கும். திருவிழாக் காலத்திலே ஆயிரக்கணக்கான அடியார் கூடுமிடத்தில், கும்பாபிஷேகத்துக்குச் செலவிடும் பெரும்பொருளிலே சிறுபகுதியை முறையான இடிதாங்கிக்கு ஒதுக்குதலும் சிவத்தொண்டேயாம்.

இறுதியாக, இடியை அணித்தே கண்டு பிழைத்தவனுக்குச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. "யான் ஏன் பிழைத்தேன்" என்று நீ வினாவுகின்றாய். நல்லவனாதலாற் பிழைத்தேன் என்று செருக்காதே. அச்செருக்கு, வீழ்ந்தவனைப் பாவியென்ற சொல்லின் மறுபுறமே. காரணம் ஆராய்ந்து மயங்காதே. அது உன் அறிவுக்கு எட்டாது. எட்டுவது ஒன்றே: மூச்சு இன்னும் ஓடுகின்றது. அம்மூச்சு நேற்றுவரை உன்னுடையதென்று எண்ணினாய். இன்று அது உன்னிடம் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருளென்று அறிந்தாய். அதனைப் பகையிலும் வழக்கிலும் பழிச்சொல்லிலும் செலவிடாதே. நாடோறும் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை ஓது; இடி வீழுங் கணத்தில் எண்ணிப்பார்க்க நேரமில்லை; நாவுக்குப் பழகியதே அப்போது வரும். உனக்கருகே வீழ்ந்தவனுடைய வீட்டுவாயிலை மறவாதே. அவன் பிள்ளைகளின் அன்னத்திலும் கல்வியிலும் உன் கை ஒரு பங்கு கொள்வதாக.

சைவநன்மக்களே! அடுத்த மாரியும் வரும்; முகில் கறுக்கும்; எங்கோ ஒருவர் வளவில் இடி வீழும். அன்றைக்கு நம் வாயிற் பழிச்சொல் எழாது, நம் கால்கள் அவ்விடத்துக்கு விரையுமாறு சிவபெருமான் திருவருள் செய்வாராக.

திருச்சிற்றம்பலம்.